பல்லிக்கு மூன்று பொந்துகள்

“உங்க வீட்டை நான் பாக்கணும்.”

கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் யெசெனியாவுக்கு நாக்கு சுட்டது.

அடுத்தவர் வீட்டில் எதையும் கேட்காதே... அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அம்மா சொன்னது இதுதான். தண்ணீர் கேட்காதே. நாற்காலி கேட்காதே. உள்ளே என்ன இருக்கிறது, காட்டு என்று மட்டும் கேட்கவே கேட்காதே. கொடுத்தால் வாங்கிக்கொள், கொடுக்காவிட்டால் தரையைப் பார். மெக்சிகோ நகரத்தின் பெரிய வீடுகளில் தரை துடைத்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவளின் சட்டம் அது. அந்த நால்வரில் பட்டம் வாங்கியவள் யெசெனியா ஒருத்திதான். வேதிப்பொறியியல். குடிநீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை, பெயர் தைத்த வெள்ளைக் கோட்டு, தனக்கென்று வாடகைக்கு ஒரு மொட்டைமாடி அறை... எல்லாம் வந்தாயிற்று. அம்மாவின் சட்டம் மட்டும் இன்னும் தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது.

இன்றைக்கு அதைத் துப்பிவிட்டாள்.

மெட்ரோ நிலையத்துச் சுழல்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற உரியேல், கையிலிருந்த கள்ளிச்செடியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினான்.

“எங்க வீடா... எதுக்கு?”

“என் ரூமை நீங்க எத்தனை தடவை போட்டோவுல பாத்திருக்கீங்க? என் கட்டிலைப் பாத்தாச்சு. என் செருப்பைப் பாத்தாச்சு. கொடியில காயுறது வரைக்கும் பாத்தாச்சு. பல்லிக் குட்டியைக் குடுக்கறதுக்கு முன்னாடி அதோட அம்மா எப்படி இருக்கான்னு நான் பாக்க வேணாமா?”

“கொடியில காயுறதை நான் பாக்கல.”

“பாத்தீங்க.”

“...நீலம்.”

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து முட்டிக்கொண்டன. சிரிப்பை விழுங்கினாள்.

“எங்க வீட்டுல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே...”

“அப்ப மறைக்கறதுக்கும் ஒண்ணும் இருக்காது.”

படிக்கட்டு வழியாக மழைத் தண்ணீர் ஒழுகி வந்து அவள் காலணியை நனைத்தது. மழைக்காலத்தில் இந்த ஊருக்கு மாலையானால் அழாமல் முடியாது. அவன் இமைகளைப் பார்த்தாள். ஆம்பிளைக்கு எதற்கு இவ்வளவு நீளமான இமை... வீண்.

“சனிக்கிழமை மத்தியானம் வா,” என்றான்.

வாங்க இல்லை. வா.

படியேறி வெளியே வந்தபோது குடையை விரிக்க மறந்துபோயிருந்தாள். அவன் வீட்டில் தான் எங்கே உட்காருவோம்... எந்த நாற்காலியில்? அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பல்லி ஒரு சாக்கு.

*

பல்லிதான் ஆரம்பமும்.

ஹிடால்கோ நிலையத்தின் கடிகாரத்துக்குக் கீழே பாதி நகரம் வியாபாரம் செய்கிறது. இணையத்தில் பேசி முடிப்பார்கள், கடிகாரத்துக்குக் கீழே கைமாற்றுவார்கள். விற்பவன் ரயிலில் வருவான். வெளியே போனால் மறுபடி டிக்கெட் என்று உள்ளேயே நிற்பான். வாங்குகிறவர் தெருவிலிருந்து இறங்கி வந்து வெளியே நிற்பார். நடுவில் சுழல்கம்பி. அதன் தலைக்கு மேலேதான் காலணியும் கைப்பேசி உறையும் கல்யாண கவுனும்கூடக் கைமாறும்.

ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்து, யெசெனியா அங்கே ஒரு பை மணல் வாங்க நின்றாள். செக்கச்செவேல் என்று பாலைவன மணல். பையின் மேல் ஒரு பல்லி இளித்துக்கொண்டிருந்தது.

“அந்த மணலை வாங்காதீங்க.”

திரும்பினாள். மணல் விற்கும் அம்மாளுக்குப் பக்கத்தில் ஒருவன், இரண்டு கையிலும் கள்ளிச்செடித் தொட்டிகளோடு நின்றான். அவனும் யாருக்கோ காத்திருக்கிறான் போல.

“உங்களை யார் கேட்டா?”

“யாரும் கேக்கல. பல்லிக்குத்தானே?”

“இல்ல. எனக்குத்தான். சூப்புல தூவிச் சாப்பிட.”

“சிறுத்தைப் பல்லியா? மஞ்சள்ல கறுப்புப் புள்ளி?” அவன் விடுவதாக இல்லை. “அது இரையைக் கவ்வறப்ப மணலையும் சேத்து முழுங்கும். வயித்துல போயி அப்படியே கட்டியாயிடும். குட்டின்னா பிழைக்காது.”

“ஏம்ப்பா,” என்றாள் மணல்காரி, “நான் உன் செடியைப் பத்தி ஏதாவது சொன்னேனா?”

“அது பாலைவனத்துல வாழுற ஜந்துதானே?” யெசெனியாவின் குரல் ஏறியது. “பாலைவனத்துல என்ன, மார்பிளா பதிச்சு வெச்சிருக்கு?”

“அது வாழறது பாறையும் கெட்டி மண்ணும் இருக்கிற இடம்ங்க. மணல் மேடு சினிமாவுலதான்.”

அவன் சொன்னான் என்பதற்காகவே அந்த மணலை வாங்கிக்கொண்டு போனாள். வீட்டில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தாள். அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மணல் பை இன்றைக்கும் அவள் அறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வியாழன் அதே இடத்தில் போய் நின்றாள். அவனும் வந்தான்... அன்றைக்கும் கள்ளிச்செடிதான்.

“நன்றி சொல்ல வரல,” என்றாள். “வேற என்னென்ன தப்பு செய்யப்போறேன்னு சொல்லுங்க. மொத்தமாத் திட்டிக்கலாம்.”

அவன் சிரித்தான். சிரிக்கும்போது கண் முழுக்க மூடிக்கொள்கிறது. அதையும் கவனித்துத் தொலைத்தாள்.

எதற்காகப் பல்லி என்று ஒரு நாள் கேட்டான். அவளிடம் பதில் தயாராக இருந்தது. நகரத்தின் விளிம்பில் இருக்கும் நேசாவில், அவள் பிறந்த வீட்டில், கோழி வளர்த்தார்கள்... முட்டைக்கு. மாடியில் நாய் வளர்த்தார்கள்... திருடனுக்கு. பூனை இருந்தது... எலிக்கு. மனிதர்களையும் அப்படித்தான் வளர்த்தார்கள். “வேலை செய்யாத ஒரு உயிரை வளர்த்துப் பாக்கணும் எனக்கு. குரைக்க வேணாம், காவல் காக்க வேணாம். சும்மா இருக்கணும். நான் அதுக்கு ஒரு வீடு கட்டிக் குடுக்கணும்.”

அதற்கு அவன் கேலி எதுவும் சொல்லவில்லை. தன்னிடம் எலோட்டே என்று ஒரு பெண் சிறுத்தைப் பல்லி இருப்பதாகச் சொன்னான். எலோட்டே என்றால் அவித்த மக்காச்சோளம். அந்த மஞ்சள், அந்தப் பருமன். அது இட்ட முட்டையிலிருந்து ஒரு குட்டி வந்திருக்கிறது. “வீட்டைச் சரியா கட்டுங்க. குட்டியை நான் தர்றேன். விலைக்கு இல்ல.”

வீடு கட்டினாள். அப்பா கட்டட வேலை பார்த்த இடத்தில் மிஞ்சிய டைல்ஸ் கண்ணாடித் தொட்டியின் தரையாயிற்று. ஒரு ஓரத்தில், தொட்டிக்கு அடியில், சூட்டுப்பாய். பல்லிக்கு வயிற்றில் சூடு வேண்டும், இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. இன்னொரு ஓரம் குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். எங்கே இருப்பது என்று முடிவு செய்ய வேண்டியது அதுதான், நாம் இல்லை. சூட்டுப் பக்கம் ஒரு பொந்து, குளிர்ச்சிப் பக்கம் ஒரு பொந்து, நடுவே ஈரப் பாசி வைத்து ஒன்று... தோலுரிக்கும்போது போய்ப் படுக்க. முதல் இரண்டுக்கு உடைந்த மண்சட்டிகளைக் கவிழ்த்தாள். மூன்றாவதுக்கு வெண்ணெய் டப்பாவில் ஓட்டை போட்டாள்.

ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்புவாள். அவன் ஒவ்வொன்றாகக் குறை சொல்லுவான். சட்டி விளிம்பு கூர்மை, தேய்க்கணும். தண்ணிப் பாத்திரம் ஆழம், குட்டி மூழ்கிடும். ஒரு முறை அவளும் பிடித்தாள். அவன் அனுப்பிய படத்தில், எலோட்டேயின் தொட்டியில், வெப்பமானியின் முனை காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

“பல்லி காத்துலயா படுக்குது? தரையிலதானே படுக்குது? முனையைத் தரையில வெச்சு அளங்க. உங்க கணக்குக்கும் நிஜத்துக்கும் நாலு டிகிரி வித்தியாசம் இருக்கும்.”

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. “நாலரை. மன்னிச்சுடுங்க, இன்ஜினியர்.”

அன்றிலிருந்து அவள் இன்ஜினியர், அவன் பல்லிக்காரர். அவன் கட்டடக்கலைப் படிப்பைப் பாதியில் விட்டவன். “பாதியிலயா? எங்க வீட்டுல அந்தப் பாதிக்கு அம்மா எத்தனை தரை துடைக்கணும் தெரியுமா?” என்று வெடித்தாள். அவன் தலை குனிந்துகொண்டான். பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே என்று அதற்கும் கோபம் வந்தது.

எலோட்டே பிறந்த தேதி அவனுக்குத் தெரியும். அதன் தாயும் தகப்பனும் எந்த ஊரில் யாரிடம் இருந்தன என்று தெரியும். “இருபது வருஷம்கூட வாழும், இன்ஜினியர். பாதியில விட முடியாது.”

“அதை நீங்க சொல்றீங்க.”

“சுவத்துல ஓடுற பல்லிக்கு இமை கிடையாது, தெரியுமா?” என்றான் இன்னொரு நாள். “இதுக்கு உண்டு. கண்ணை மூடித் தூங்கும். பயம் போயிட்டா உங்களைப் பாத்து மெதுவா... ஒரே ஒரு தடவை... இமைக்கும்.”

செய்து காட்டினான். அந்த நீள இமைகள் மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறின.

குட்டிக்கு இரையான மாவுப்புழு டப்பாவை வாங்க நீட்டிய அவள் விரல், சுழல்கம்பிக்கு மேலே, அவன் விரலோடு அப்படியே நின்றுபோனது... எவ்வளவு நேரமோ.

“கம்பி மேல சாயாதீங்க!” நிலையத்துப் பெண் காவலர் விசிலை ஊதினார். “கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுச் சோபாவுல சாஞ்சுக்குங்க!”

*

சனிக்கிழமை மழை மத்தியானமே பிடித்துக்கொண்டது.

நர்வார்த்தே பகுதியில் பழைய மூன்று மாடிக் கட்டடம் அது. யெசெனியா சந்தையில் வாங்கிய சின்ன மண்கிண்ணம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்திருந்தாள். எலோட்டேக்குத் தண்ணீர் வைக்க. வீட்டுக்கு வெறுங்கையோடா போவது?

மணியை அழுத்தினாள். சுவரில் இருந்த ஒலிபெருக்கி இரைந்தது.

“யாரு?”

“யெசெனியா. உரியேல் வரச் சொல்லி...”

அவள் சொன்னது மழையில் பாதி அழிந்திருக்க வேண்டும்.

“ஓ... அந்தப் பொண்ணா? பின்பக்கப் படிக்கட்டு வழியா வாம்மா. சமையலறைக் கதவு திறந்துதான் இருக்கு.”

முன்படிக்கட்டைக் கழுவியிருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். ஒருவனைப் பிடித்துப்போனால் மூளை இப்படித்தான்... அவன் வீட்டுச் சார்பில் வக்கீலாகிவிடும்.

சமையலறையில் அவன் அம்மா ஓஃபெலியா நின்றிருந்தார். நரைத்த குட்டை முடி, மெல்லிய வாசனை, அதைவிட மெல்லிய குரல். கடுகடுவென்று இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

“ஐயோ, நனைஞ்சுட்டியே. உரியேல் தோர்த்தியா வாங்கப் போயிருக்கான். தண்ணி குடிக்கிறியா?”

மேல் அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக மின்னின. அந்தக் கை அவற்றைத் தாண்டிக் கீழே இறங்கியது. கழுவு தொட்டிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து, நீல எனாமல் குவளை ஒன்றை எடுத்தது. விளிம்பில் எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருந்தது.

யெசெனியாவுக்கு ஏழு வயது ஆகிவிட்டது.

அம்மா வேலை பார்த்த வீட்டில் அது வெள்ளை, சிவப்பு விளிம்பு. தட்டும் குவளையும் கழுவு தொட்டிக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போயிருந்தாள். ‘எனக்கு அந்த மீன் படம் போட்ட கண்ணாடி டம்ளர்ல வேணும்’ என்று கேட்டுவிட்டாள். அம்மா தொடையில் கிள்ளினாள். திரும்பும்போது பஸ்ஸில் அழுதது யெசெனியா இல்லை... அம்மா.

குவளையை வாங்கிக்கொண்டாள். கை தானாக வாங்கியது.

“எந்தப் பக்கம் உனக்கு?”

“நேசா.”

“தூரமாச்சே. அப்ப தங்கித்தான் ஆகணும். ரூம் இருக்கு. பையன் அதுல என்னத்தையோ வளர்க்கிறான், எடுத்துடச் சொல்றேன். இதுக்கு முன்னாடி இருந்தவ பதினெட்டு வருஷம் இருந்தா. எங்க குடும்பத்துல ஒருத்தி மாதிரி.”

அப்போதுதான் புரிந்தது.

செனோரா, நான் வேலைக்கு வரவில்லை. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆய்வுக்கூடத்தில் மேலாளரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற வாய் இது. திறக்கவில்லை. பயம் இல்லை... அவள் காத்திருந்தாள். உரியேல் வருவான். வந்து அவன் சொல்லட்டும். அவன் வாயால் கேட்க வேண்டும் அவளுக்கு.

படியில் காலடி கேட்டது. துணியில் சுற்றிய சூடான தோர்த்தியா ரொட்டிகளோடு உள்ளே வந்தவன், நீலக் குவளையும் கையுமாக நின்றவளைப் பார்த்து நின்றுவிட்டான். தலைமுடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

“வந்துட்டியா? புதுப் பொண்ணு வந்திருக்கா,” என்றார் ஓஃபெலியா. “நல்ல பொண்ணா தெரியுது.”

உரியேல் இமைத்தான். மெதுவாக இல்லை. படபடவென்று... கதவைத் தேடும் பூச்சி மாதிரி.

சொல்லு, என்றன அவள் கண்கள். ஒரே ஒரு வார்த்தை. தோழி என்று சொல்லேன்... இன்ஜினியர் என்றாவது சொல்லேன்.

“அம்மா... இவங்க வேலைக்கு வரல. இவங்க... பல்லிக் குட்டி வாங்க வந்தவங்க.”

அவள் உள்ளே எதுவோ ஓசையில்லாமல் அணைந்தது.

“அடக் கடவுளே! சொல்லக் கூடாதாம்மா? இன்னிக்கு ஒரு பொண்ணை அனுப்புறேன்னு சொல்லியிருந்தாங்க, அதான்...” ஓஃபெலியா உண்மையாகவே கூசிப்போனார். அவள் கையைத் தொட்டார். “தப்பா எடுத்துக்காத. மோலேக் குழம்பு வெச்சிருக்கேன். சாப்பிட்டுட்டுத்தான் போகணும், என்ன?”

சொல்லிக்கொண்டே குனிந்தார். கழுவு தொட்டிக்கு அடியிலிருந்து நீலத் தட்டை எடுத்துச் சமையல் மேடைமேல், அவள் முன்னால் வைத்தார்.

வேலைக்காரி இல்லை என்று தெரிந்த பிறகும்.

திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு மேசை தெரிந்தது. தங்க விளிம்புப் பீங்கான் தட்டுகள், மடித்த துணிகள், காலியாக இரண்டு மூன்று நாற்காலிகள். உரியேல் தட்டைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த தோர்த்தியாத் துணியின் முடிச்சைப் பார்த்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“முதல்ல பல்லியைக் காட்டுங்க,” என்றாள் யெசெனியா.

*

சமையலறைக்குப் பின்னால் ஒடுக்கமான அறை இருந்தது. ஒரு சின்ன ஜன்னல், அது திறப்பதும் கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட உள்கிணற்றுக்குள். வெயில் வர வழியில்லை. மடித்து வைத்த இரும்புக் கட்டில். சுவரில் ஆணி. ஆணிக்குக் கீழே ஒரு சதுரம் மட்டும் அழுக்கேறாமல் இருந்தது... சாமி படம் மாட்டியிருந்த இடம்.

மேசைமேல் எலோட்டேயின் தொட்டி.

அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தரைக்குக் கல்பலகை, ஒரு துளி இடுக்கு இல்லாமல். வெப்பமானியின் முனை இப்போது தரையோடு ஒட்டியிருந்தது. தட்டைக் கற்களை அடுக்கிச் சூட்டுப் பொந்து. பக்கத்தில் பாசி போட்ட ஈரப் பொந்து. அந்த மூலையில் கள்ளிச்செடி நிழலில் குளிர்ச்சிப் பொந்து. மூடியில் காற்றுக்குச் சல்லடை. எந்தக் கல்லும் நழுவி விழாதபடி ஒவ்வொன்றையும் பசை வைத்து ஒட்டியிருந்தான். காதலோடு செய்திருந்தான். எலோட்டே சூட்டுப் பொந்தின் வாசலில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தது, வீட்டுக்காரி மாதிரி.

அதன் பக்கத்தில் தண்ணீர். நீல எனாமல் தட்டு, சின்னது. விளிம்பு பெயர்ந்தது.

குவளை, தட்டு, இது. ஒரே செட்.

“இது யாரு ரூம், உரியேல்?”

“எவ்சேபியாவோடது. என்னைத் தூக்கி வளர்த்தவங்க. கைக்குழந்தையில இருந்து.” அவன் குரல் கனிந்தது. “எனக்கு ரெண்டாவது அம்மா.”

“இந்தத் தட்டு?”

“அவங்களோடதுதான். அவங்க போனப்புறம் சும்மாக் கிடந்துச்சு... ஆழம் கம்மி, எலோட்டேக்குச் சரியா இருந்துது...” சொல்லும்போதே அவன் குரல் தேய்ந்தது. வாக்கியம் எங்கே போய் முடிகிறது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

“இந்த ரூம்ல அவங்களுக்கு ஹீட்டர் இருந்துச்சா?”

“...இல்ல.”

“ஜனவரியில?”

“போர்வை...”

“பல்லிக்கு மூணு பொந்து.” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சூட்டுக்கு ஒண்ணு, குளிர்ச்சிக்கு ஒண்ணு, தோலுரிக்க ஒண்ணு. எதுல இருக்கறதுன்னு அதுவே முடிவு பண்ணணும்னு நீதான் எனக்குச் சொல்லிக்குடுத்த. ரொம்ப நல்லா செஞ்சிருக்க. நீ கெட்டவனா இருந்திருந்தா எனக்கு இவ்வளவு வலிக்காது.”

“யெசெனியா...”

“அவங்க இப்ப எங்க?”

“ஊருக்குப் போயிட்டாங்க. முட்டி வலி தாங்கல. ஓஹாக்கா பக்கம்.”

“ஓஹாக்காவுல எங்க?”

மழை உள்கிணற்றுக்குள் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

“சரி. முழுப் பேரு?”

“எவ்சேபியா...” அவன் உதடுகள் அசைந்தன. அடுத்த பெயர் வரவில்லை. “நாங்க சேபான்னுதான் கூப்பிடுவோம்...”

“இந்தப் பல்லியோட தகப்பன் எந்த ஊருன்னு உனக்குத் தெரியும்.”

அவன் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். கண் நிறைந்துவிட்டது. அந்த நீள இமைகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. யெசெனியா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பார்த்தால் முடியாது.

“நான் இதையெல்லாம் யோசிச்சதே இல்ல. சத்தியமா. நீ கேக்கறப்பதான்...” மூச்சை இழுத்தான். “உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு யெசெனியா. ரொம்ப. ஒரு வியாழக்கிழமை முடிஞ்சா அடுத்த வியாழக்கிழமைக்கு ஏங்க ஆரம்பிச்சுடறேன். வீட்டைக் காட்டுன்னு நீ கேட்டப்ப எனக்கு வந்தது சந்தோஷம்... அப்புறம்தான் பயம்.”

“அங்க ஏன் சொல்லல அதை? கேட்டாங்கல்ல உங்க அம்மா.”

“அப்புறமா, மெதுவா...”

“மெதுவா.” அவள் தலையாட்டினாள். “உனக்கு மெதுவா. அது வரைக்கும் எனக்கு நீலக் குவளை.”

“நான் இப்பவே போய்ச் சொல்றேன். வா, மேசையில உக்காரு. என் பக்கத்துல.”

இதைத்தான் அவள் வாரம் முழுக்கக் கற்பனை செய்திருந்தாள். அந்த மேசை, அவன் பக்கத்து நாற்காலி, தங்க விளிம்புத் தட்டு. இப்போது அது கிடைக்கும். கேட்டதால் கிடைக்கும். அவள் அழுது, அவன் அழுது, கேட்டு வாங்கினால் கிடைக்கும். அம்மாவின் சட்டம் ஏன் அப்படி இருந்தது என்று முதன்முறையாக விளங்கியது. கேட்பது தப்பு என்பதற்காக இல்லை. கேட்டுக் கிடைத்தது தொண்டையில் இறங்காது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

“எனக்கும் உன்னைப் பிடிக்கும்,” என்றாள். ஒளிக்கவில்லை. “அந்த மணல் பைக்காகச் சண்டை போட்டோமே, அன்னிலேருந்து. இதுவரைக்கும் யாரையும் இப்படிப் பிடிச்சதில்ல. தெரிஞ்சுக்கோ.”

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவள் பையைத் திறந்தபோது அது மெல்ல அணைந்தது.

காகிதத்தைப் பிரித்து மண்கிண்ணத்தை எடுத்தாள். தொட்டியின் மூடியைத் தூக்கினாள். நீலத் தட்டை வெளியே எடுத்து, அதிலிருந்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, கிண்ணத்தை அதே இடத்தில் வைத்தாள். எலோட்டே தலையைத் தூக்கிப் பார்த்தது. பயப்படவில்லை. அவளைப் பார்த்து மெதுவாக... ஒரே ஒரு தடவை... இமைத்தது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

“குட்டி எங்க?”

ஜன்னலோரத்திலிருந்து சின்னப் பெட்டியை எடுத்துக் கொடுத்தான். உள்ளே, ஈரத் துணிமேல், கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட ஒரு சுண்டுவிரல்.

“இதை... எடுத்துட்டுப் போறியா?” நம்பிக்கையோடுதான் கேட்டான்.

“அதுக்கு வீடு தயாரா இருக்கு. நீயும் நானும் சேந்து கட்டின வீடு. அதைக் காலியா வெச்சுக்கிட்டு என்னால அந்த ரூம்ல இருக்க முடியாது.” பெட்டியைக் கம்பளிச் சட்டைக்குள், வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். “இருபது வருஷம்னு சொன்ன. அத்தனை நாளும் உன்னை நினைச்சுக்கிட்டேதான் இதுக்குப் புழு போடணும் நான். போதுமா?”

“சேபாவோட பேரைக் கண்டுபிடிக்கிறேன். அவங்க ஊருக்குப் போறேன். அப்புறம் வியாழக்கிழமை கடிகாரத்துக்குக் கீழே...”

“போ. கட்டாயம் போ. ஆனா எனக்காகப் போகாத.”

அவன் சுவரோடு நின்றான். தடுக்கவில்லை. தடுத்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தாள்... அப்போதும் இதையேதான். அந்தச் சமையலறையில் அவன் இமைகள் படபடத்தபோதே முடிந்துபோனது இது. மீதியெல்லாம் அழுகைக்கான நேரம்.

நீலத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சமையலறையில் ஓஃபெலியா தோர்த்தியாவை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். “பாத்தாச்சா? உக்காரு, சாப்பாடு போடறேன்.” யெசெனியா நிற்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாகச் சாப்பாட்டு அறைக்குள் போனாள்.

“அந்தப் பக்கம் இல்லம்மா... படிக்கட்டு இந்தப் பக்கம்...”

மேசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலிக்கு முன்னால், இரண்டு பீங்கான் தட்டுகளுக்கு நடுவே, நீலத் தட்டை வைத்தாள். மடித்த துணி ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள்.

“இது எவ்சேபியாவோட இடம், செனோரா.”

பின்னால் காலடி கேட்டது. சமையலறை வாசலில் உரியேல் வந்து நின்றது தெரிந்தது. திரும்பினால் அந்த இமைகள் தெரியும். திரும்பவில்லை.

முன்வாசல் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்கள். ஒரு கையால் பெட்டியை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஒவ்வொன்றாகத் திறந்தாள். முன்படிக்கட்டு அகலமாக, காய்ந்து இருந்தது. யாரும் கழுவியிருக்கவில்லை.

தெருவில் மழை. வயிற்றோடு ஒட்டிய பெட்டிக்குள் அந்தச் சுண்டுவிரல் ஒரு முறை புரண்டது.

“கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ,” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “காலையிலேயே சூட்டுப்பாயைப் போட்டுட்டுத்தான் வந்தேன். வீடு சூடா இருக்கு.”

குடையை விரித்துப் பெட்டியின் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.